பத்தொன்பது நாள் நின்ற ஊர்

சாம்பூத்துப் பேரூராட்சியின் புதுப் பேருந்து நிலையத்தில் தொண்ணூற்றாறு இரும்பு நாற்காலிகள் போட்டு, 'இனி நம் ஊரில் எவரும் நிற்க வேண்டியதில்லை' என்று முப்பதடி நீளத்துக்குப் பேனர் கட்டி, வர முடியாதவர்களுக்கும் கேட்கட்டும் என்று நாலு திசைக்கும் குழாய் ஒலிபெருக்கி வைத்துத் திறப்பு விழா நடத்திய அன்றுதான், வாழ்த்துப் பாட்டுக்கு மரியாதையாக எழுந்து நின்ற நாங்கள் ஏழாயிரம் பேரும் பாட்டு நின்ற பிறகு உட்கார முடியாமல் போனோம்.

மேடையில் இருந்த தலைவர் கருத்தப்பாண்டியன் முதலில் இதைத் தனக்கான மரியாதை என்று நினைத்துக்கொண்டார். கண் கலங்க, இரண்டு கையையும் தாழ்த்தி, "உக்காருங்க, உக்காருங்க, இம்புட்டு மரியாதை எதுக்கு" என்றார். நாங்கள், "நீங்க மொதல்ல உக்காருங்க தலைவரே" என்றோம். அவர் நாற்காலியை நோக்கி நாலு முறை இறங்கினார், நாலு முறையும் யாரோ பெரிய மனிதர் வந்துவிட்டதைப் போல விறைத்து நிமிர்ந்தார். அப்போதுதான் ஊர் முழுக்க ஒரே நேரத்தில் விஷயம் புரிந்தது, ஏழாயிரம் பேரும் மைக்குக்கு முன்னால் நின்ற ஜெயக்கொடியைப் பார்த்தோம்.

ஜெயக்கொடி பேரூராட்சி அலுவலகத்தில் பிறப்பு இறப்புப் பதிவு எழுதுகிறவள். முப்பத்தெட்டு வயது. அலுவலகத்தில் பெண் என்று அவள் ஒருத்தி மட்டும் இருந்ததால், பாடத் தெரியுமா என்று கேட்காமலே வாழ்த்துப் பாட்டை அவள் தலையில் கட்டிவிட்டார்கள். அவள் குரல் கனத்த குரல். தொலைபேசியில் 'ஹலோ' என்றால் கூரியர்காரர் 'சொல்லுங்க சார்' என்பார், எரிவாயுக்காரர் 'மேடம் இல்லையா சார்' என்பார். அதனால் பதினோரு வருஷமாக அவள் தொண்டையை இறுக்கி, குரலை ஒல்லியாக்கி, பல் தேய்க்கிற பற்பசையின் கடைசிப் பிதுக்கலைப் போலத்தான் பேசிக்கொண்டிருந்தாள்.

ஆர்மோனியம் வாசிப்பவர் துரைப்பாண்டி. பாடுகிறவர் எந்தக் கட்டையிலிருந்து கிளம்ப வேண்டுமோ அந்தக் கட்டையை அழுத்திக் காட்டுவதுதான் அவர் வேலை, ஆனால் அவர் யாரையும் பார்த்து அழுத்தியவரில்லை. நாடகத்துக்கு வாசித்த அவர் அப்பா, ஆண்களுக்கு என்று ஒன்றாம் கட்டையில் ஒரு சந்தனப் பொட்டும், பெண்களுக்கு என்று ஐந்தரைக் கட்டையில் ஒரு குங்குமப் பொட்டும் வைத்துவிட்டுப் போயிருந்தார். சாம்பூத்தில் பாட வருகிறவர் வேட்டியா சேலையா என்று மட்டும் துரைப்பாண்டி பார்ப்பார், பொட்டில் விரலை வைப்பார். பன்னிரண்டு அடிப் பாட்டு. ஒன்பதாவது அடியில் உச்சத்துக்கு ஏறி, பன்னிரண்டாவது அடியில் கிளம்பிய இடத்துக்கே வந்து சேர வேண்டும். ஜெயக்கொடி ஐந்தரையில் எடுத்தாள், ஒன்பதாவது அடியில் தொண்டை பிடித்துக்கொண்டது, இறங்கி வந்தவள் கிளம்பிய இடத்துக்கு ஒரு நூல் முன்னாலேயே நின்றுவிட்டாள். சுருதி சேரவில்லை. சேராத பாட்டு முடிந்த பாட்டில்லை, முடியாத பாட்டுக்கு உட்காருகிற பழக்கம் எங்கள் ஊரில் இல்லை, அதை எங்கள் கால்கள் எங்களைவிட நன்றாகத் தெரிந்துவைத்திருந்தன. இத்தனை வருஷக் குடியரசு தினத்திலும் சுதந்திர தினத்திலும் அவள் இப்படியேதான் பாடினாள், நாங்களும் உட்கார்ந்தோம், இன்றைக்கு மட்டும் ஏன் என்று கேட்காதீர்கள். நாங்களே கேட்கவில்லை.

முழங்கால் கெட்டுப்போய்விட்டதா என்றால் அதுவும் இல்லை. நடக்க மடங்கியது, படியேற மடங்கியது, உட்காரலாம் என்று மனசு நினைத்த அந்த நொடியில் மட்டும் பூட்டிக்கொண்டது. முறுக்குக் கடை சங்கிலி ரொம்ப விவரமானவர், விழுந்த சட்டைப் பித்தானைத் தேடுகிற பாவனையில் மெல்ல மெல்லக் குனிந்து முழங்காலை ஏமாற்றப் பார்த்தார். அது ஏமாறவில்லை. படுக்கலாம், ஆனால் ஏணியைச் சாய்க்கிற மாதிரி இரண்டு பேர் பிடித்துச் சாய்க்க வேண்டும். காலையில் நிமிர்த்த எதிர்வீட்டுக்காரர் வர வேண்டும், அவரை நிமிர்த்த அவருக்கு எதிர்வீட்டுக்காரர் வர வேண்டும், முதல் ஆளை யார் நிமிர்த்துவது என்று இரண்டு நாள் பெரிய பிரச்சினையாக இருந்து, பால்காரர் எப்போதுமே நின்றபடிதான் தூங்குவார் என்று தெரியவந்ததும் தீர்ந்தது. வாய்க்கால் தகராறில் பன்னிரண்டு வருஷம் பேசாமலிருந்த இரண்டு குடும்பத்தாரும் ஒருவரையொருவர் நிமிர்த்தியே ராசியாகிப்போனார்கள். காலைக்கடன் பற்றி நான் எழுதப்போவதில்லை, எழுதுகிற விஷயமா அது.

ஒரு வாரத்தில் ஊர் பழகிவிட்டது. டீக்கடை பெஞ்சில் வடகம் காய்ந்தது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சுவரில் நோட்டை வைத்துப் பரீட்சை எழுதி, வழக்கத்தைவிட நல்ல மதிப்பெண் வாங்கினார்கள். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையும் பெண்ணும் நின்றபடியே தாலி கட்டிக்கொண்டார்கள், அய்யர் ஓமகுண்டத்தை மேசைமேல் தூக்கி வைத்துக்கொண்டார். ஜெயக்கொடியின் புருஷன் இருளப்பன் மினிபஸ் ஓட்டுகிறவர், கூரைக்கடியில் கழுத்தை மடித்துக்கொண்டு நின்றபடியே ஓட்டினார். வங்கி மேலாளர் அன்றைக்கு வெளியூரில் இருந்ததால் பாட்டைக் கேட்கவில்லை, அவரால் உட்கார முடிந்தது. ஆனால் அவர் உட்கார்ந்திருப்பதைக் கண்ணாடி வழியாகப் பார்த்த ஊர், "ஊரே நிக்கிது, இந்தாளு என்னமா காலை மடக்கி உக்காந்திருக்காரு, கூச்சம் வேணாமா" என்று பேசிக்கொண்டதில், அவரும் மூன்றாம் நாள் எழுந்து நின்றுவிட்டார். மேலிடத்துக்கு மனுப் போட்டோம். அங்கிருந்து ஒரு அதிகாரி வந்து, தொண்ணூற்றாறு நாற்காலியிலும் ஒவ்வொன்றாக உட்கார்ந்து பார்த்து, 'இருக்கைகள் அமரத் தகுதியானவை' என்று சான்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஜெயக்கொடியை யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுதான் அவளுக்குத் தாங்க முடியாததாக இருந்தது. திட்டுவதற்குப் பதிலாக யோசனை சொன்னார்கள். மிளகும் பனங்கற்கண்டும் வந்தது, கற்பூரவல்லி கட்டுக்கட்டாக வந்தது. கழுத்தளவு தண்ணீரில் நின்று அகாரம் பாடச் சொன்னார்கள், பாடினாள், சளி பிடித்தது. தம்ளர் தண்ணீரில் உறிஞ்சுகுழல் விட்டு ஊதச் சொன்னார்கள். செல்போனில் முள் ஆடுகிற ஏதோ ஒன்றை இறக்கிக்கொடுத்து, முள் நடுவில் நிற்க வேண்டும் என்றார்கள், முள் அவளைக் கண்டாலே ஓரத்துக்குப் போய்விடும். துரைப்பாண்டி மட்டும், "எல்லாம் பயம்தேன் யக்கா. பயம் போச்சுன்னா அஞ்சரை தானா வரும்" என்று ஒரே மருந்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

தினம் சாயங்காலம் ஐந்து மணிக்கு ஊர் பேருந்து நிலையத்தில் கூடும். முதியவர்களும் நோயாளிகளும் நாற்காலிகளுக்கு முன்னால் தயாராக நிற்பார்கள், மற்றவர்கள் தரையைத் துடைத்து வைத்துக்கொண்டு நிற்பார்கள். அவள் ஏறிப் பாடுவாள். ஐந்தாம் நாள் பாட்டு ஏறக்குறையச் சேர்ந்தது, எங்கள் முழங்கால்கள் பாதி மடங்கி அங்கேயே சிக்கிக்கொண்டன, மறுநாள் மத்தியானம்வரை ஊரே எதையோ திருடப்போகிற மாதிரி பம்மிக்கொண்டு திரிந்தது. ஏழாம் நாள் தைரியம் என்றால் சத்தம் என்று நினைத்துக்கொண்டு அவள் இன்னும் உச்சியில் எடுத்தாள், எல்லோரும் குதிகால் தூக்கி நுனிக்காலில் நின்றோம். அன்று அவள் பாட்டின் நடுவிலேயே மேடையை விட்டு இறங்கி ஓடினாள்.

"செத்திரலாம் போல இருக்குங்க" என்றாள் புருஷனிடம்.

இருளப்பன் யோசித்துவிட்டு, "செத்தா அதுக்குச் சர்டிபிகேட்டு யாரு எழுதுவா? நீதான எழுதணும்" என்றார். அவருக்குத் தெரிந்த ஆறுதல் அவ்வளவுதான், ஆனாலும் அவள் அன்றைக்குச் சாப்பிட்டாள்.

அவளுக்கு உண்மையான பயம் வேறொன்று. இருளப்பனின் தங்கை பூங்கனி தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். அம்மா இல்லாத வீடு, எல்லாம் மதினிதான். பூங்கனியும் அன்றைக்கு ஒன்பதாவது மாத வயிற்றோடு முன்வரிசையில் எழுந்து நின்றவள். ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் கிரேசி, படுக்க வைத்தும் பார்த்தாள், நிற்க வைத்தும் பார்த்தாள். "படுத்தாலும் முட்டி மடங்க மாட்டேங்குது. கால மடக்காம நான் பிரசவம் பாத்ததில்லக்கா. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனாலும் இதே காலத்தான கொண்டு போகணும்" என்றாள். அன்றிலிருந்து ஜெயக்கொடி எதிரே வருகிறவர்களின் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு முழங்காலைப் பார்க்க ஆரம்பித்தாள்.

பதினாறாம் நாள் காலையில் அவள் சமையற்கட்டில் கிரைண்டரை ஓடவிட்டுப் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். யாரும் கேட்கவில்லை என்ற நினைப்பில், தொண்டையை இறுக்காமல், கிரைண்டர் ஓடுகிற சத்தத்தோடு சத்தமாக, அந்த வாழ்த்துப் பாட்டையே முனகிக்கொண்டிருந்தாள். நிலைப்படியில் சாய்ந்து நின்ற பூங்கனி திடுக்கிட்டு அவள் கையைப் பிடித்தாள்.

"மதினி, நிறுத்தாதீக. முட்டி இளகுது."

ஜெயக்கொடி நிறுத்திவிட்டாள். பூங்கனியின் முழங்கால் மறுபடி விறைத்தது. மறுபடி பாடினாள், ஒரு விரற்கடை இளகியது. நிறுத்தினாள், விறைத்தது.

"இதே குரல்ல மேடையில பாட வேண்டியதுதான மதினி?"

"இது ஒரு குரலாடி? கூரியர்காரனே சார்ங்கான். ஊரு சிரிக்கும்."

"சிரிச்சாச் சிரிக்கட்டும். உக்காந்து சிரிக்கட்டும்."

வீட்டுக்குள்ளேயே பாடி முடித்துப் பார்த்தார்கள், கடைசி அடிவரை. பாட்டு இருக்கும்வரை இளகிய கால் பாட்டு முடிந்ததும் நிமிர்ந்துகொண்டது. எல்லோருக்கும் முன்னால் ஆரம்பித்ததை எல்லோருக்கும் முன்னால்தான் முடிக்க வேண்டும் என்பது ஜெயக்கொடிக்கு அப்போது நிச்சயமாகிவிட்டது. மூன்று நாள், அரிசி இருந்ததோ இல்லையோ, கிரைண்டர் ஓடியது. ஒரு காதை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, அந்த ரீங்காரத்தில் குரலைக் கொண்டுபோய் உட்காரவைக்கப் பழகினாள். பாடியதைச் செல்போனில் பிடித்துப் போட்டுக் கேட்டாள். கேட்டபோது அது தான்தான் என்று முதலில் அவளுக்குத் தெரியவில்லை, யாரோ என்று நினைத்து இன்னொரு முறை கேட்டாள், அந்த யாரோவை அவளுக்குப் பிடித்துப்போயிற்று. ஆனாலும் மேடையை நினைத்தால் தொண்டை பழைய மாதிரியே சுருங்கியது, அவள் போகவில்லை.

பத்தொன்பதாம் நாள் காலை பத்து மணிக்குப் பூங்கனிக்கு வலி கண்டது.

சுகாதார நிலையம் பேருந்து நிலையத்துக்கு நேரெதிர். கட்டிலோடு தூக்கி வந்து மேடைக்குக் கீழே போட்டார்கள், பெண்கள் பத்துப் பேர் சேலையைப் பிடித்துச் சுற்றிலும் மறைப்புக் கட்டினார்கள். மேடைமேல் நின்று பார்த்தால் மறைப்புக்கு மேலாக, பலகை மாதிரி நீட்டிக்கொண்டிருந்த இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன. ஆள் விட்டு அழைக்காமலே ஊர் வந்துவிட்டது. ஜெயக்கொடி பாத்திரம் விளக்கிய ஈரக்கையோடு, தோளில் அலுவலகப் பையோடு மேடையேறினாள். துரைப்பாண்டி பெட்டியைத் திறந்து குங்குமப் பொட்டில் விரலை வைத்தார்.

"அது வேணாம் துரைப்பாண்டி" என்றாள் ஜெயக்கொடி, மைக்கில். "கீழ வாங்க."

நாலு திசைக் குழாயிலும் அவள் நிஜக் குரல் முதல்முறையாக ஊருக்குள் போனது. பின்னால் எங்கிருந்தோ ஒருத்தன், "வணக்கம் சார்!" என்று கத்தினான். ஏழாயிரம் பேரும் சிரித்தோம். நானும் சிரித்தேன், அதை மறைக்கப்போவதில்லை, பத்தொன்பது நாள் நின்ற கால்வலியோடு சிரித்தேன். அவள் தொண்டை தானாகச் சுருங்குவது மைக்கிலேயே கேட்டது. அப்போது மறைப்புக்குள்ளிருந்து பூங்கனி, "மதினி!" என்று அலறினாள்.

ஜெயக்கொடி கிரைண்டர் முன்னால் செய்கிற மாதிரியே இடது உள்ளங்கையால் காதை மூடிக்கொண்டாள். எங்கள் சிரிப்பில் பாதி அதோடு போய்விட்டது. துரைப்பாண்டி விரலை நாலாம் கட்டைக்கு இறக்கினார்.

"இன்னும் கீழ."

துரைப்பாண்டிக்கு வேர்த்தது. "அதுக்குக் கீழ பொம்பளைங்க பாடுனதே இல்லக்கா. மூணாங்கட்டை ஆம்பளைக்கும் இல்ல, பொம்பளைக்கும் இல்ல. எங்கப்பா காலத்துலருந்து..."

"உங்கப்பாவா பாடப்போறாரு? நான்தான பாடணும். அழுத்துங்க."

அழுத்தினார். பயன்படாமலே கிடந்த கட்டை, முதலில் காற்றுதான் வந்தது. இன்னொரு முறை அழுத்தியதும் உள்ளே கூடு கட்டியிருந்த குளவி மண் பொலபொலவென்று உதிர்ந்து, ஒரு குளவியும் வெளியே வந்து தலைவரின் பக்கமாகப் போனது, அதற்குப் பின்னால் கிரைண்டர் ஓடுகிற மாதிரி ஒரு கனத்த நாதம் எழுந்தது. அவள் வயிறு நிறைய மூச்சை இழுத்து, அந்த நாதத்தின்மேல் குரலை வைத்தாள்.

முதல் அடியில் சிரிப்பு இருந்தது. இரண்டாவது அடியில் இல்லை. அவள் எங்களைப் பார்த்துப் பாடவில்லை, அந்த இரண்டு முழங்கால்களைப் பார்த்துப் பாடினாள், அவை கேட்கக் கேட்க இவள் பாட, இவள் பாடப் பாட அவை இளக, ஒன்பதாவது அடி வந்தது. வழக்கமாகத் தொண்டை பிடிக்கும் அந்த உச்சத்தில் அன்றைக்கு இடம் தாராளமாக இருந்தது, போனாள், கொஞ்சம் நின்றாள், சுற்றிப் பார்த்தாள் என்றுகூடச் சொல்லலாம், பிறகு அவசரமில்லாமல் பத்து, பதினொன்று என்று இறங்கி, பன்னிரண்டாவது அடியின் கடைசி எழுத்தில் கிளம்பிய இடத்துக்கே வந்து சேர்ந்தாள்.

ஏழாயிரம் பேர் ஒரே நேரத்தில் உட்கார்ந்தோம். பக்கத்து ஊரில் கல்குவாரியில் வெடி வைத்துவிட்டார்கள் என்று வெளியே ஓடிவந்தார்களாம். கிணற்றடியில் நின்றவர்கள் கிணற்றடியிலும், சாலையில் நின்றவர்கள் சாலையிலும் உட்கார்ந்தார்கள், இருளப்பன் பஸ் இருக்கையில் உட்கார்ந்த அதிர்ச்சியில் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார். வங்கி மேலாளர், அவருக்கு அவசியமே இல்லை, அவரும் உட்கார்ந்து அழுதார். எனக்குப் பின்னால் நாற்காலி இல்லை, சாணி இருந்தது, நான் அதில் உட்கார்ந்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக எதன்மேலும் உட்கார்ந்ததில்லை. சேலை மறைப்புக்கு மேலே தெரிந்த இரண்டு முழங்கால்களும் மடங்கி மலைபோல் எழுந்தன, கிரேசி, "முக்கு, முக்கு" என்று சத்தம் போட்டாள், கால்மணி நேரத்தில் ஒரு பெண்குழந்தை அழுதது.

துரைப்பாண்டி பழக்கதோஷத்தில் அந்த அழுகைக்குக் கட்டை தேடினார். ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்துவிட்டு, "இப்பவே ஒண்ணும் சொல்றதுக்கில்ல" என்றார். பிறகு துண்டின் நுனியை எச்சிலில் நனைத்துச் சந்தனப் பொட்டையும் குங்குமப் பொட்டையும் துடைத்துவிட்டார். தலைவர் கருத்தப்பாண்டியன் பத்தொன்பது நாளாகச் சட்டைப்பையில் வைத்திருந்த காகிதத்தை எடுத்து, அன்றைக்குப் படிக்காமல் விட்ட வரவேற்புரையை உட்கார்ந்தபடியே தொடங்கினார். ஒன்றே முக்கால் மணி நேரம் பேசினார், ஒருவர்கூட எழுந்து போகவில்லை.

ஊரில் நின்றுகொண்டிருந்தது ஜெயக்கொடி ஒருத்திதான். உட்கார வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை, பாட்டு முடிந்த இடத்திலேயே, காதில் வைத்த கையை எடுக்காமல் நின்றாள். தலைவர் பேசிக்கொண்டிருக்கும்போதே பைக்குள் செல்போன் அடித்தது. மைக்குக்குப் பக்கத்தில் நின்று எடுத்ததால் நாங்கள் எல்லோரும் கேட்டோம்.

"சார், கூரியர் சார். சாம்பூத்துல எங்க சார் வரணும்? காலைலருந்து சுத்திட்டிருக்கேன் சார்."

அவள் தொண்டையை இறுக்கவில்லை.

"பஸ் ஸ்டாண்டுக்கு வாங்க" என்றாள், தன் மூன்றாம் கட்டையில். "அவசரமில்ல. செத்த உக்காந்துட்டு வாங்க."

மறுமுனையில் ஒரு வண்டி ஓரங்கட்டி நிற்கிற சத்தமும், பிறகு யாரோ "அப்பாடா" என்று தரையில் உட்காருகிற சத்தமும் கேட்டன.